கல்லறைத் தோட்டத்துத் திருவுருவங்கள்: நடுகல்லோ பள்ளிப்படையோ?

தமிழகத்துக் கத்தோலிக்கப் பங்குகளின் கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் புனிதர் திருவுருவங்களை நடுகல் மரபின் எச்சம் எனக் கூறும் வழக்கம் ஆய்வாளரிடையே பரவி வருகின்றது. கல் நடுதலும், மாலை சூட்டலும், விளக்கேற்றலும், ஆண்டில் ஒரு நாள் உறவினர் கூடி இறந்தோரை நினைத்தலும் ஈரிடத்தும் காணப்படுதலின், இக் கூற்று முதல் நோக்கில் பொருத்தமுடையதாகவே தோன்றும். யாமும் முன்னர் அவ்வாறே கருதினோம். பின்னர் அவ்வுருவங்களின் பெயர்களையும், அவை நிற்கும் இடத்தையும், அவற்றின் கையிலுள்ள பொருள்களையும் உற்று நோக்கியபோது அக் கருத்தைப் பெரும்பகுதி கைவிட நேர்ந்தது. அதற்குரிய காரணங்களை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்குத் திருப்பெரும்பூதூர் முதல் ஒரகடம் வரையுள்ள நிலப்பகுதியை நடுவிடமாகக் கொள்கின்றோம். இன்று ஸ்ரீபெரும்புதூர் எனவே யாவரும் வழங்கும் அவ்வூரைச் சூழ்ந்து, இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய்க் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை 2010-இல் இயங்கத் தொடங்கியது. 2006-இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014-இல் மூடப்பட்டது. ஆயின், ஆலைகளுக்காக மட்டும் இப் பகுதியைத் தேர்ந்தோம் அல்லேம். இறந்தோர்க்குச் செய்யும் கடன் பற்றிய சான்றுகள் இத்துணை நெருங்கிக் கிடக்கும் இடம் வேறு காண்டல் அரிது. பழைய செங்கற்பட்டு மாவட்டம் பெருங்கற்காலப் புதைகுழிகளுக்குப் பெயர் பெற்றது. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை 2022-இல் அகழ்வு நிகழ்த்தியது. கிழக்கே பரங்கிமலையும் மயிலாப்பூரும் தோமையார் பெயரால் விளங்குவன. மேற்கே, மணிமேகலைக் காப்பியம் முடிவெய்தும் காஞ்சி நகர் உள்ளது. நடுவிலோ இராமாநுசர் தோன்றிய ஊர். கத்தோலிக்கத் திருச்சபையின் ஆட்சி முறையில் இந்நிலம் 2002-இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தினின்றும் பிரிந்து உருவான செங்கற்பட்டு மறைமாவட்டத்தைச் சார்ந்தது.

இனி, நடுகல்லின் இயல்பை முதற்கண் தெளிதல் வேண்டும். தொல்காப்பியர் புறத்திணையியலில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என அறுவகையாக இம் மரபை வகுத்துரைத்தார். இளங்கோவடிகள் வஞ்சிக் காண்டத்தின் காதைகளுக்கு இப் பெயர்களையே சூட்டிக் கண்ணகிக்குக் கல்லெடுத்த செய்தியைப் பாடினார். ஈண்டு நாம் மறவாது கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. நடப்படும் கல் இறந்தார்க்கே உரியது. ஆநிரை மீட்டு வீழ்ந்தோன் உருவமே அதன்மேல் எழுதப்படும். அவன் பெயரும், அவன் பட்ட போரும், அரசன் ஆட்சியாண்டும் பொறிக்கப்படும். செங்கம் பகுதி நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் நூலாக வெளியிட்ட பின்னர் இவ்வியல்பு ஐயத்திற்கிடமின்றித் தெளிவாயிற்று. வில்லும் வாளும் இறந்தோன் கையிலேயே உள்ளன. வணங்கப்படுவோன் அவனே.

கல்லறைத் தோட்டத்தின் நிலை வேறு. ஆண்டுப் புதைக்கப்பட்டோர் உருவத்தைக் காண்டல் அரிது. காணப்படுவன, தோட்டத்தின் நடுவே உயர்ந்து நிற்கும் பாடுபட்ட சுரூபம், மகனின் உடலை மடிமேல் தாங்கிய வியாகுல மாதா, வாயிலருகே ஈட்டியோ துலாக்கோலோ ஏந்திய மிக்கேல் சம்மனசு, தனிக் கல்லறைகளின் தலைமாட்டில் அந்தோனியார், செபஸ்தியார், சூசையப்பர் ஆகியோர். இவருள் ஒருவரேனும் அக் குழிகளில் துயில்பவர் அல்லர். உருவமும் அடையாளமும் புனிதர்க்கே உரியவாக, இறந்தார்க்கு எஞ்சுவன ஒரு பெயரும் இரு நாள்களுமே. அந் நாள்களை மண்ணில், விண்ணில் என இரு சொற்களின்கீழ்ப் பொறிக்கும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. ஓசை இனிதே, ஆயின் வாழ்ந்தோர் செய்த செயல் ஒன்றையேனும் அது சொல்வதில்லை. நடுகல் செயலைச் சொல்லிப் பிறந்த நாளை விட்டது. கல்லறைக் கல் பிறந்த நாளைச் சொல்லிச் செயலை விட்டது.

இவ்வேறுபாட்டைக் கண்டோர் சிலர் மறுகோடிக்குச் சென்று, இவை போர்ச்சுகீசியர் கொணர்ந்த அயற்பொருள்கள், தமிழ் மரபோடு தொடர்பற்றவை என்பர். இதற்கும் ஓரளவு சான்று உண்டு. பரங்கிமலையில் 1547-இல் கண்டெடுக்கப்பட்ட பஃலவி எழுத்துப் பொறித்த கல், சிலுவையைத் தாங்கியதேயன்றிப் புனிதர் உருவைத் தாங்கியதன்று. தொன்மையான கிறித்தவர் சிலுவைக்கல்லோடு அமைந்தனர்; உருவங்கள் பதினாறாம் நூற்றாண்டின் பின்னரே பெருகின. பெயர்களும் அதனையே காட்டும். சூசை, சவேரி, அந்தோனி, செபஸ்தி, மிக்கேல் ஆகியன போர்ச்சுகீசிய ஒலியைத் தமிழ் நாவிற்கேற்பத் திருத்திக்கொண்டவை. எனினும் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பது ஒரு வினா. வந்த இடத்தில் அது என்ன தொழில் செய்கின்றது என்பது மற்றொரு வினா. முன்னதற்கு விடை கண்ட மாத்திரத்தானே பின்னதற்கும் விடை கண்டோம் என மகிழ்தல் ஆராய்ச்சியாகாது.

சுரூபம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இது சொரூபம் எனவும் வழங்கும். தன் உருவம், இயல்பு வடிவம் எனப் பொருள்படும் வடசொல்லின் திரிபு. திரெந்துச் சங்கம் 1563-இல் திருவுருவங்களைப் பற்றி விதித்த முடிவு யாதெனின், உருவத்துள் தெய்வத்தன்மையோ ஆற்றலோ உறைவதாகக் கருதலாகாது. செய்யும் வணக்கம் அவ்வுருவம் குறிக்கும் மூலத்தையே சாரும் என்பது. அங்ஙனமாயின், மூலத்தின் இயல்பு வடிவம் எனப் பொருள்படும் சொல்லைப் பழைய குருமார் ஏன் ஆண்டனர்? தமிழ் மக்களிடம் வழக்கிலிருந்த சொல் அதுவாதலின் எடுத்தாண்டனர் என்பதே பொருந்தும். கோட்பாடு ஒன்றைச் சொல்ல, சொல் வேறொன்றைச் சொல்லிற்று. மக்கள் சொல்லின் பக்கமே நின்றனர்.

அச்சொல் முழுப்பொருளில் வழங்கத்தக்க உருவம் ஒன்று திருப்பெரும்பூதூரிலேயே உள்ளது. இராமாநுசர்க்கு மூன்று திருமேனிகள் கூறும் வைணவ மரபு. திருநாராயணபுரத்தில் உள்ளது தமர் உகந்த திருமேனி. திருப்பெரும்பூதூரில் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உள்ளது தான் உகந்த திருமேனி. திருவரங்கத்தில் உள்ளது தானான திருமேனி. இறுதியில் கூறியது அவருடைய உடலே என்பது அம் மரபினர் நம்பிக்கை. அடியார் விரும்பிய வடிவம், தாமே விரும்பிய வடிவம், தாமேயாகிய வடிவம் என உருவத்திற்கும் உருவமுடையார்க்கும் இடையே உள்ள தொலைவை மூன்று படியாக அளந்து, ஒவ்வொன்றிற்கும் தமிழ்ப்பெயர் இட்ட நுட்பம் வியக்கற்பாலது. உருவக் கொள்கை பற்றிப் பிறநாட்டு நூல்களைத் தேடி அலையும் மாணாக்கர் இம் மூன்று தொடர்களையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம். இவ்வளவைக் கொண்டு நோக்கின், கல்லறைத் தோட்டத்துப் புனிதர் உருவம் இவற்றுள் முதலாவதற்கே அணித்தாகும். அது தமர் உகந்தது. ஆயின் தமரும் புனிதரும் வாழ்நாளில் ஒருவரையொருவர் கண்டவர் அல்லர்.

அங்ஙனமாயின் தமிழ் மரபில் இதற்கு நெருங்கிய இனம் யாது? பள்ளிப்படை என்பது எம் கருத்து. சோழ வேந்தர் இறந்தோரைப் பள்ளிப்படுத்த இடத்தில் கோயில் எடுத்தனர். ஆற்றூர்த் துஞ்சின தேவராகிய அரிஞ்சயற்கு மேற்பாடியில் முதலாம் இராசராசன் எடுப்பித்த அரிஞ்சிகை ஈச்சரமும், சிற்றன்னைக்கு முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த பஞ்சவன்மாதேவீச்சரமும் அத்தகையன. அங்கே கருவறையில் நிற்பது இறந்தார் உருவமன்று, இலிங்கமே. இறந்தார் பெயர் கோயிற் பெயரில் வாழும். வழிபாடு இறைவற்குச் செல்லும். கீழே துயில்பவர் ஒருவர், மேலே நிற்பவர் வேறொருவர் என்னும் இவ்வமைப்பே கல்லறைத் தோட்டத்திலும் காணப்படுவது. துஞ்சின என்ற சொல்லும் ஈண்டுக் கருதத்தக்கது. சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் போன்ற சங்ககாலப் பெயர்கள் தொட்டுச் சோழர் கல்வெட்டு வரை இறத்தலைத் துயிலாகச் சொல்லும் வழக்கு நீண்டு வந்துள்ளது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் சொல்லும் துயிலுமிடம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழித்தோன்றலே. ஒன்று மற்றொன்றினின்று வந்தது என்று யாம் கூறவில்லை. இரு வழக்கும் சந்தித்தபோது ஒன்றையொன்று அயலாக உணரவில்லை என்ற அளவே கூறுகின்றோம்.

பள்ளிப்படை அரசர்க்குரியது, பங்குக் கல்லறைத் தோட்டமோ ஊர்ப்பொது. ஆதலின் இவ்வொப்புமையும் முழுமையன்று. ஊர்ப்பொதுவான இடுகாட்டில் தெய்வ உருவங்கள் நிற்கும் காட்சியைத் தமிழிலக்கியம் காட்டுகின்றதா எனின், காட்டுகின்றது. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை அது. உ. வே. சாமிநாதையர் 1898-இல் அக் காப்பியத்தைப் பதிப்பித்த நாள்தொட்டு அக் காதை பௌத்த அண்டக் கொள்கைக்குச் சான்றாகவே பெரிதும் பயிலப்பட்டு வந்துள்ளது. இடுகாட்டுச் சிற்பத்திற்குச் சான்றாக அதனைப் பயின்றோர் சிலரே.

புகார் நகரத்து ஈமப்புறங்காட்டைச் சூழ்ந்த மதிலுக்கு நான்கு வாயில்கள் உள. அவற்றுள் ஒன்றில் பாசமும் சூலமும் ஏந்திச் சினந்த நோக்கோடு நெடிய சுதையுருவம் காவல் நிற்கின்றது. மிக்கேல் சம்மனசு ஈட்டியோடு வாயிலில் நிற்கும் நம் கல்லறைத் தோட்டங்களை அறிந்தோர்க்கு அவ்வுருவம் புதிதாகத் தோன்றாது. உள்ளே தவத்தோர்க்கும் அரசர்க்கும் உடன் மாய்ந்த மகளிர்க்கும் செங்கல்லால் எடுத்த கோட்டங்கள், குலவேறுபாடு தோன்ற நிற்கின்றன. பிணத்தைச் சுடுவோர், வறிதே இடுவோர், குழிதோண்டிப் புதைப்போர், தாழ்வயின் அடைப்போர், தாழியிற் கவிப்போர் என ஐவகையினரும் ஒரே மதிலுள் வருகின்றனர்.

அம் மதிலுக்குள் சார்ங்கலன் என்னும் சிறுவன் தனியே புகுந்து, பேயின் ஆட்டம் கண்டு அஞ்சி, வீட்டிற்கோடி உயிர் நீத்தான். அவன் தாய் கோதமை, கண்ணற்ற முதியவள், மகனுடலைத் தழுவிக்கொண்டு நள்ளிரவில் வாயிலுக்கு வந்து சம்பாபதித் தெய்வத்தை அழைத்து முறையிட்டாள். தன் உயிரைக் கொண்டு மகன் உயிரைத் தருக என வேண்டினாள். உயிர்க்கு உயிர் கொடுத்தல் இயலுமாயின், இங்கே அரசர்க்கு இத்துணைக் கோட்டங்கள் எழுந்திரா எனத் தெய்வம் விடையிறுத்தது. இடுகாட்டில் நின்று, இடுகாட்டையே சான்றாகக் காட்டிச் சொல்லிய விடை அது. கோதமை தெளியாளாக, எல்லா உலகத்துத் தேவரையும் சம்பாபதி அங்கே வருவித்தது; அவரும் அதனையே கூறினர். அதன் பின்னரே கோதமை மகனை ஈமத்தேற்றித் தானும் உயிர் துறந்தாள். தேவர் அனைவரும் கூடிய அந்நிகழ்ச்சியின் நினைவாக மயன் மேருவும் தீவுகளும் தேவர் உறையிடங்களும் உருவாக அமைத்த கோட்டமே சக்கரவாளக் கோட்டம்.

இக் கதையின் கூர்மை யாதென்பதை உணர்தல் வேண்டும். வேண்டியது கிட்டிய இடத்தில் கோயில் எடுப்பது உலகியல்பு. சாத்தனாரோ, வேண்டியது கிட்டாத இடத்தில், கிட்டாமையின் நினைவாகவே, தெய்வ உருவங்களை நிறுத்தினார். அவ்வுருவங்கள் இறப்பை மாற்றவில்லை. ஒரு தாயின் துயரத்தின்முன் எல்லா உலகத்துத் தேவரும் வந்து நின்றனர் என்பதற்கே அவை சான்று. கல்லறைத் தோட்டத்து வியாகுல மாதாவும் அத்தகையவளே. தன் மகனை இழந்த தாயொருத்தி, மகனை இழந்த பிற தாயர்முன் அமர்ந்திருக்கின்றாள். அவளிடம் வருவோர் இறந்தோரை எழுப்பித் தருக என வேண்டுவதில்லை. உத்தரிக்கிற ஸ்தலத்திலுள்ள ஆன்மாவுக்காகப் பரிந்து பேசுமாறே வேண்டுவர். கொள்கை நிலையில் இரு சமயமும் வேறுவேறு. வினைப்பயனைப் பிறர் மாற்றவியலாது என்பது பௌத்தம். புனிதரின் பரிந்துரை இறந்தார்க்கு உதவும் என்பது கத்தோலிக்கம். இவ்வேறுபாட்டைச் சிறிதும் மறைத்தலாகாது. ஆயினும் உருவம் நின்று செய்யும் தொழில் ஒன்றே: துயருறுவார்க்கு எதிரே ஒரு முகத்தை நிறுத்துதல்.

நடுகற் கொள்கையினர்க்கு யாம் விட்டுக்கொடுக்க வேண்டுவன இரண்டு உள. ஒன்று, இரத்த சாட்சிகளின் இடம். அருளானந்தர் 1693-இல் வெட்டுண்ட ஓரியூரும், தேவசகாயம் பிள்ளை 1752-இல் சுடப்பட்ட காற்றாடிமலையும் பட்டோன் பட்ட இடத்தைக் குறித்து வணங்கும் இடங்கள். தேவசகாயம் 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்ட பின்னர்ச் சங்கிலி பூண்ட அவருருவம் ஊர்தோறும் எழுகின்றது. அங்கெல்லாம் நடுகல்லை நினைத்தல் தகும். மற்றொன்று பெயர். அந்தோனிசாமி என்பார் கல்லறைமேல் அந்தோனியாரும், சூசைமாணிக்கம் என்பார் கல்லறைமேல் சூசையப்பரும் நிற்பது தற்செயலன்று. திருமுழுக்கில் பெற்ற பெயரின் வழியே அப் புனிதர் இறந்தார்க்குப் பாதி உருவமாகின்றார். லீலி மலரும் குழந்தையும் அந்தோனியார் கையில் இருப்பினும், அவ்வுருவை நோக்கும் பெயர்த்தி தன் பாட்டனையே நினைப்பாள். இப் பெயர்ப்பாலம் இப்போது தளர்கின்றது. தனித்தமிழ்ப் பெயரும் புதுவகைப் பெயரும் தாங்கிய தலைமுறைக்குத் தலைமாட்டில் நிறுத்தற்குரிய புனிதர் யாவர்? அவ்விடத்தைப் பல இடங்களில் இறந்தாரின் நிழற்படம் நிரப்பிவருகின்றது. பளிங்கில் பதித்த அந் நிழற்படமே, உண்மையில், நடுகல்லின் வழித்தோன்றல் எனத்தக்கது. இதனைச் சுட்டுவார் இலர்.

பெயர் என்ற அளவில் வீரமாமுனிவரை நினையாமல் இருத்தல் இயலாது. 1726-இல் தேம்பாவணியை இயற்றிய அவர், 36 படலங்களில் 3615 பாக்களால் சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கினார்; எபிரேயப் பெயரின் பொருளை உணர்ந்து வளன் எனத் தமிழாக்கினார். இயேசுவும் மரியாளும் அருகிருக்க இறந்தவர் என்ற மரபுபற்றி, சூசையப்பர் நல்மரணத்தின் பாதுகாவலராகக் கொள்ளப்படுகின்றார். கல்லறைத் தோட்டத்தில் அவர்க்கு இடமுண்மை அதனாலேயே. முனிவர் காப்பியத்தை முடிசூட்டோடு முடித்ததும் இறப்பை முடிவாகக் கொள்ளாமையைக் காட்டும். வளன் என்பது எளிய, இனிய, பொருள் நிறைந்த சொல். ஆயினும் அஃது ஏட்டில் நின்றதேயன்றிக் கல்லில் ஏறவில்லை. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரி போன்ற நிறுவனங்களின் பெயரில் இன்று விளங்கினும், கல்லறை மக்களுக்கு அவர் சூசையப்பரே. புலமை பொருளை மொழிபெயர்த்தது. மக்களோ ஒலியைக் காத்தனர். இதில் முனிவரைக் குறைகூறற்கு ஒன்றுமில்லை. துயரத்தில் அழைக்கும் பெயர் தாய் அழைத்த பெயராகவே இருக்கும்.

ஆலைப்பகுதியின் செய்திக்கு மீள்வோம். தொழில் நாடி வேற்றூர்களினின்றும் பிற மாநிலங்களினின்றும் வந்து இங்குத் தங்கியோர்க்கு இம் மண்ணில் முன்னோர் கல்லறை இல்லை. கல்லறைத் திருநாளாகிய நவம்பர் 2-இல் தமக்குரிய கல் இல்லாதோர் தோட்டத்து நடுவிலுள்ள பாடுபட்ட சுரூபத்தின் அடியில் மெழுகுவத்தி ஏற்றுவது கத்தோலிக்கர் வழக்கம். அவர்க்கு அப் பொது உருவமே தாயின் கல்லறையும் தந்தையின் கல்லறையும் ஆகின்றது. நடுகல் இன்னார்க்கு என வரையறுக்கப்பட்டமையின் இத் தொழிலைச் செய்ய மாட்டாது. தனக்கென ஒரு பிணமும் இல்லாத உருவமே எல்லாப் பிணத்திற்கும் உரியதாக வல்லது. யாம் நடுகற் கொள்கையை மறுப்பதற்கு முதன்மையான காரணம் இதுவே.

பொது என்ற சொல்லை எளிதில் ஆளவும் கூடவில்லை. சாத்தனார் காட்டிய கோட்டங்கள் குலவேறுபாடு தோன்ற நின்றமையை மேலே கண்டோம். திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தாழ்த்தப்பட்டோர் குழிகளைப் பிறர் குழிகளினின்று பிரித்து எழுப்பிய சுவரைத் தமிழகம் நன்கறியும். அத்தகைய இடங்களில் உருவம் எப்பக்கம் நின்றது, எப்பக்கம் நோக்கி நின்றது, மறுபக்கத்தார் விளக்கை எங்கே ஏற்றினர் என்பனவற்றைக் குறித்துக்கொள்ளாமல் கலை நயம் மட்டும் எழுதிச் செல்லும் கட்டுரைகள் பாதி வேலையே செய்தனவாம்.

முடிவாக, மாணாக்கர்க்கு ஒரு வேண்டுகோள். 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர், தமிழ்க் கத்தோலிக்கர் வழிபாட்டு மொழி பெரிதும் மாறிற்று. அர்ச்சியசிஷ்ட என்றது புனித என்றும், சம்மனசு என்றது வானதூதர் என்றும், சுரூபம் என்றது திருவுருவம் என்றும் ஆயின. மாற்றம் தமிழுக்கு ஆக்கமே என்பதில் ஐயமில்லை. ஆயின் பழஞ்சொற்களைக் கொண்ட செப நூல்கள் அருகிவிட்டன. உருவங்களின் பீடங்களிலும் பழைய கல்லறைப் பலகைகளிலுமே அவை எழுத்தாக எஞ்சியுள்ளன. ஆலைகளும் சாலைகளும் பெருகும் இப் பகுதியில் பழைய சுதையுருவங்கள் அகற்றப்பட்டுக் கண்ணாடியிழை உருவங்கள் வைக்கப்படும்போது, பீடமும் புதிதாகின்றது, எழுத்தும் போகின்றது. கல்வெட்டுப் படியெடுக்கும் பயிற்சி பெற்ற முதுகலை மாணாக்கர், தத்தம் ஊர்க் கல்லறைத் தோட்டத்துப் பீட எழுத்துகளை, பிழையும் திரிபும் உள்ளவாறே படியெடுத்து வைத்தல் வேண்டும். அதனை அக்டோபர்த் திங்கள் முதற்பகுதியிலேயே செய்துவிடுதல் நன்று. நவம்பர் 2-ஐ முன்னிட்டுக் கல்லறைகளுக்கெல்லாம் வெள்ளையடிப்பர்.